டைரியில் இருக்கும் மூன்று கேள்விகள்: நாடாளுமன்றம் போன என் வக்கீலுக்கு ஒரு திறந்த மடல்

சார்,

போன மாதம் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மண்டபத்தில் உங்களுக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். கடைசி வரிசையில், தண்ணீர் கேன் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பார்க்கவில்லை. பார்க்கும்படி நானும் உட்காரவில்லை. பொன்னாடை எல்லாம் முடிந்த பிறகு, வக்கீலாகப் பதிவு செய்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காத ஒரு பெண் எழுந்து, "ஹைகோர்ட்ல தமிழ்ல வாதாடுறதுக்குப் பார்லிமென்ட்ல ஏதாவது செய்வீங்களா சார்?" என்று கேட்டது. நீங்கள் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினீர்கள். "அதெல்லாம் சென்டிமென்ட்மா. நடக்குற காரியத்தைப் பேசுவோம். முதல்ல இங்கிலீஷை நல்லாக் கத்துக்கோ, தில்லி வரைக்கும் போகலாம்" என்றீர்கள். கூட்டம் கை தட்டியது. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டது.

நான் கை தட்டவில்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கமும் வரவில்லை.

நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். வந்தேன், மூன்று தடவை. உங்கள் அலுவலகத்தில் மனுவை வாங்கி, பதிவு நம்பர் போட்டு, "தக்க நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்படுகிறது" என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். யாருக்கு அனுப்பி வைக்கப்படுகிறது என்று கேட்டேன். பையன் முழித்தான். முப்பத்தாறு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அந்தச் சீட்டுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா? கட்டு அலமாரி மேலே போய்விட்டது, அவ்வளவுதான்.

உங்கள் பெயரையோ, கட்சியையோ நான் எழுதவில்லை. உங்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். கோர்ட்டிலிருந்து தில்லிக்குப் போன வேறு யாருக்காவது இது பொருந்தினால் அவர்களும் எடுத்துக்கொள்ளட்டும்.

நீங்கள் சிம்மக்கல் ஆபீசுக்கு ஜூனியராக வந்தது 1988-ல். ஆபீசின் சீனியர் வக்கீலான பெரியவர் உங்களை என்னிடம் காட்டி, "இந்தத் தம்பிக்கு ஸ்டாம்ப் எங்க ஒட்டணும்னு சொல்லிக் குடுப்பா" என்றார். நான் அதற்கு நாலு வருஷம் முன்பே அங்கே சேர்ந்தவன். நீங்கள் என்னை அண்ணே என்றீர்கள், நான் உங்களை சார் என்றேன். வயசில் சின்னவர் என்றாலும் கறுப்புக் கோட்டு போட்டவர் சார்தானே. வக்காலத்தில் எங்கே கையெழுத்து வாங்க வேண்டும், ரிட்டர்ன் ஆன பிராதை எத்தனை நாளில் திருப்பிப் போட வேண்டும், நகல் மனு எந்த மேசையில் நகரும், எந்த மேசையில் தூங்கும், எல்லாம் என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டீர்கள். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமைதான்.

அப்போது மதுரையில் ஹைகோர்ட் கிளை கிடையாது. அப்பீல் என்றால் பாண்டியன் எக்ஸ்பிரசில் கட்டுகளைத் தலைக்கு வைத்துப் படுத்து, விடிய எழும்பூரில் இறங்கி, குளித்தும் குளிக்காமலும் கோர்ட்டுக்கு ஓட வேண்டும். வழக்கு போட்ட கட்சிக்காரரும் கூட வருவார். சாயங்காலம் வாய்தா வாங்கிக்கொண்டு அதே ரயிலில் திரும்புவோம். ஒரு வாய்தாவுக்கு ஒரு ஆடு என்பது நம் ஆபீஸ் கணக்கு. தென்மாவட்ட வக்கீல்கள் வருஷக்கணக்காகக் கத்தித்தான் 2004 ஜூலை 24-ல் யானைமலைக்கு எதிரே, ஒத்தக்கடைப் பக்கம் கிளை திறந்தது. அன்றைக்கு இருந்த பதிமூன்று மாவட்டங்களுக்கு அது பொதுவாக இருந்தது. அதற்கு முந்தின வருஷம் வரைக்கும், "மதுரைக்குக் கிளையா? நடக்குற காரியமா?" என்று கேட்ட சீனியர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வார்த்தையைத்தான் நீங்கள் போன மாதம் மேடையில் சொன்னீர்கள்.

சரி, அந்த அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவரை நீங்கள் மறந்திருக்க முடியாது.

உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா. வண்டிப்பாதைத் தாவா. முன்சீப் கோர்ட்டில் அவர் கூண்டில் நின்ற அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில், "அந்தப் பாதை பத்து அடி அகலம் இல்லேன்னு சொல்றேன்" என்று அழுத்தினார். அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "அடிக்கணக்கு எனக்குத் தெரியாது சாமி. என் வீட்டுக்காரரை அந்தப் பாதையிலதான் தூக்கிட்டுப் போனாக. நாலு பேரு தோள் குடுத்து, பாடை போற அகலம் இருந்துச்சு" என்றார். முன்சீப் பேனாவை நிறுத்தி, அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சொன்னது சொன்னபடியே தமிழில் எழுதினார். வாசித்துக் காட்டியபோது அந்த அம்மா, "ஆமா, அதேதான்" என்று தலையாட்டிவிட்டுத்தான் ரேகை வைத்தார். அவருக்குச் சாதகமாக டிக்ரி ஆயிற்று. சப் கோர்ட்டில் அது மாறியது. அப்புறம் இரண்டாம் மேல்முறையீடு. அது நம் ஆபீசில் நம்பர் ஆனது.

2009-ல் அது லிஸ்ட்டில் வந்த நாள் எனக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் மறக்காது. அந்த அம்மா காலை முதல் பஸ் பிடித்து வந்து, மாட்டுத்தாவணியில் இறங்கி, வேறு பஸ் ஏறி வந்திருந்தார். வெளுத்த சுங்குடிச் சேலை. மடியில் வெற்றிலைப் பை. பையை வாசலில் வாங்கிவிட்டார்கள். கோர்ட் ஹாலின் கடைசியில், சுவரோரம், என் பக்கத்தில் நின்றார். நம்பர் கூப்பிட்டார்கள். நீங்கள் எழுந்தீர்கள். ஆறு நிமிஷம், மிஞ்சினால் ஏழு. எல்லாம் இங்கிலீஷ். நடுவில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இவர்களுடைய ஒரே நல்ல சாட்சி பாடையில் போனவர்தான் என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னார். முன்வரிசை வக்கீல்கள் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் என் பக்கத்தில் அந்த அம்மா சிரித்தார். பெரிய மனுஷர்கள் சிரிக்கும்போது மரியாதைக்குச் சிரிப்போமே, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, அப்படி. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அப்பீல் தள்ளுபடி ஆகிவிட்டது.

வெளியே வராந்தாவில் அவர் உங்கள் முகத்தைப் பார்த்து, "நல்லபடியாத்தானே சொன்னாக? எல்லாரும் சிரிச்சாகளே" என்று கேட்டார். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் கவுனைக் கழற்றிக்கொண்டே நடந்துவிட்டீர்கள். நான்தான் சொன்னேன். சிவில் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 100-ன்படி இரண்டாம் மேல்முறையீட்டில் சட்டம் சம்பந்தமான முக்கியமான கேள்வி இருந்தால்தான் எடுப்பார்கள், பாதை எத்தனை அடி என்பதை எல்லாம் திரும்ப விசாரிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். அதை அவர் கேட்டுக்கொண்டார். அப்புறம் எதற்காகச் சிரித்தார்கள் என்று கேட்டார். அதையும் மறைக்காமல் சொல்லித் தொலைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "நான் என்னத்துக்குய்யா சிரிச்சேன்?" என்றார்.

தீர்ப்பு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். தோற்றது எதனால் என்று தோற்றவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்திருக்க வேண்டாமா என்பதுதான் என் கேள்வி. முன்சீப் கோர்ட்டில் அவர் தாவாவுக்கு அவரே சாட்சி. ஒத்தக்கடையில் அவர் வேடிக்கை பார்க்க வந்தவர் மாதிரி நின்றார்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. ரேகை வைக்கும் ஒவ்வொருவருடைய அபிடவிட்டின், அதாவது சத்தியப் பிரமாண வாக்குமூலத்தின், கீழேயும் ஒரு வரி டைப் அடிப்போம்: மேற்கண்டவை படித்துக் காட்டப்பட்டு, தமிழில் விளக்கிச் சொல்லப்பட்டு, புரிந்துகொண்டதாகச் சொன்ன பிறகு ரேகை வைத்தார் என்று. அதுவும் இங்கிலீஷில்தான் இருக்கும். அந்த வரியை நான் எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேனோ. எட்டுப் பக்க அபிடவிட்டுக்கு நான் கொடுத்த விளக்கம், "இடம் நம்மளதுன்னு எழுதியிருக்குத்தா, வை." ஸ்டாம்ப் பேடில் அவர்கள் கட்டைவிரலைப் பிடித்து உருட்டி, காகிதத்தில் அழுத்தி, பழைய துணியில் மையைத் துடைத்துவிடுவேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. கேட்டால் கோபித்துக்கொள்வோமோ என்ற பயம்.

என்ன இருக்கிறது என்று தெரியாத காகிதத்தில் ரேகை வைப்பது எங்கள் ஊர்ப் பக்கம் புதுசு இல்லை. என் தாத்தா ரேகைச் சட்டக்காரர். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று புத்தகத்தில் இருக்கும். ஒரு சாதியையே குற்றவாளியாகப் பதிந்து ரேகை வாங்கிய வெள்ளைக்காரன் சட்டம். எங்களுக்கு அது ரேகைச் சட்டம்தான். ராத்திரியானால் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றதற்காக 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் மாயக்காள் உட்படப் பதினாறு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து எங்களுக்காகக் கோர்ட்டிலும் பத்திரிகையிலும் சண்டை போட்ட ஒருவர் மதுரையில் இருந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் ரோசாப்பூ துரை. பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்து, லண்டனில் படித்து, மதுரைக்கு வந்து பிழைத்தவர். இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் ரோசாப்பூ என்று ஆம்பளைப் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள் என்றால் அது அந்த வக்கீலுக்காகத்தான். ஒத்துழையாமை காலத்தில் நல்ல வருமானம் வந்த தொழிலை விட்டுவிட்டுப் போனவர். 1937-ல் தில்லி மத்தியச் சட்டசபைக்கு ஜெயித்துப் போனார். 1938 மார்ச்சில் இறந்துவிட்டார். அங்கே அவருக்கு ஒரு வருஷம்கூடக் கிடைக்கவில்லை.

இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. யானைக்கல்லில் அவர் சிலைக்கு மாலை போடும் நாளில், வக்கீலாக இருந்து தில்லிக்குப் போனவர்கள் வரிசையை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். திருமயத்துச் சத்தியமூர்த்தி மத்தியச் சட்டசபையில் கேள்வி நேரத்தில் எழுந்தாலே வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வயிற்றைக் கலக்கும் என்றீர்கள். திருமங்கலத்தில் பிறந்து, பாரிஸ்டர் படித்துவிட்டு, கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தொழிற்சங்கத்துக்குப் போன கே.டி.கே. தங்கமணி 1957-ல் மதுரையிலிருந்து லோக்சபாவுக்குப் போனதைச் சொன்னீர்கள். "வக்கீலுக்குக் கேள்வி கேட்கிறதுதான் தொழில் அண்ணே. எதைக் கேட்டால் சாட்சி மாட்டுவான்னு நமக்குத்தான் தெரியும். பார்லிமென்ட்டுக்கு அதுக்காகத்தான் வக்கீல் வேணும்" என்றீர்கள். எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த அம்மா சிரித்த மறு வருஷம், 2010 ஜூனில், ஹைகோர்ட்டில் தமிழ் வேண்டும் என்று மதுரையில் வக்கீல்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். கோவையில் செம்மொழி மாநாட்டுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்த நேரம். நீங்களும் ஆதரவாக ஒரு நாள் பந்தலில் போய் உட்கார்ந்தீர்கள். அன்றைக்கு ஆபீசில் மூன்று வாய்தா வாங்கினது நான். ஏன் சார் என்று கேட்டதற்கு, "அந்தம்மா சிரிச்சது கண்ணுலயே நிக்குது" என்றீர்கள்.

அதனால்தான் நீங்கள் தேர்தலில் நின்றபோது நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். கட்சி பார்த்து இல்லை. எனக்கு எந்தக் கட்சியும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஜெயித்த அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு, மாலையோடு, நேராக ஆபீசுக்கு வந்தீர்கள். 2009-ம் வருஷ டைரியை எடுக்கச் சொன்னீர்கள். அந்த நாள் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில், "தள்ளுபடி. அம்மா சிரித்தார்" என்று இரண்டே வரி. அதே டைரியின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்வி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் கூட்டத்தொடரிலேயே கேட்க வேண்டியவை என்று தலைப்பு. டைரி என்னிடம்தான் இருக்கிறது.

முதல் கேள்வி: அரசியல் சட்டத்தின் 348(2)-ன்படி, ஜனாதிபதியின் முன் சம்மதத்தோடு கவர்னர் அனுமதித்தால் மாநில மொழியிலும் ஹைகோர்ட்டில் நடவடிக்கை நடத்தலாம். தமிழ்நாடு சட்டசபை 2006 டிசம்பரில் இதற்காகத் தீர்மானம் போட்டு அனுப்பியது. அதன் மேல் சம்மதம் ஏன் வரவில்லை?

இரண்டாவது: இந்தச் சம்மதத்துக்குச் சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதியைக் கேட்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. 1965 மே 21-ல் அமைச்சரவைக் குழு ஒன்று எடுத்த முடிவினால்தான் கேட்கிறார்கள். அந்த முடிவை மாற்ற வேறொரு அமைச்சரவை முடிவு போதாதா?

மூன்றாவது: ராஜஸ்தானுக்கு 1950-ல், உத்தரப் பிரதேசத்துக்கு 1969-ல், மத்தியப் பிரதேசத்துக்கு 1971-ல், பீகாருக்கு 1972-ல் இந்தியில் நடத்த அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். இதில் மூன்று மாநிலங்கள் 1965-க்குப் பிறகு வாங்கியவை. நாலு ஹைகோர்ட்டில் முடிந்தது ஐந்தாவதில் ஏன் முடியாது?

எவ்வளவு நல்ல கேள்விகள் சார்! குறுக்கு விசாரணையில் இப்படி மூன்று கேள்வி வரிசையாகக் கேட்டால் எந்தச் சாட்சியும் தண்ணீர் குடிப்பான்.

நீங்கள் பிரமாணம் எடுத்ததை என் பேரன் செல்போனில் காட்டினான். தமிழில் எடுத்தீர்கள். கண் கலங்கிவிட்டது. அவையில் தமிழில் பேசினால் உடனுக்குடன் மொழிபெயர்த்து மற்றவர்கள் காதுக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் அவன்தான் சொன்னான். நல்லது. தில்லியில் உங்களுக்குக் கிடைக்கிற அந்த வசதி ஒத்தக்கடையில் அந்த அம்மாவுக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளை எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் போட்டுவைத்திருக்கிறார்கள். பேரனை உட்கார வைத்து உங்களுடையதை ஒன்று விடாமல் பார்த்தேன். கப்பலூர் டோல்கேட் இருக்கிறது. மதுரை விமான நிலையம் இருக்கிறது. தோப்பூர் எய்ம்ஸ் இரண்டு மூன்று தடவை இருக்கிறது. வேண்டியவைதான், குறை சொல்லவில்லை. கோர்ட்டைப் பற்றி ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட. வேறு தொழிலில் இருந்து போனவர் கேட்கவில்லை என்றால் விட்டுவிடுவேன். டோல்கேட்டைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்பார்கள். பாடை போன அகலத்தைப் பற்றிக் கேட்க அங்கே உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நேரம் இல்லை என்பீர்கள். எழுந்து நிற்கக்கூட வேண்டாமே. லோக்சபாவில் ஒரு நாளைக்கு நேரில் பதில் சொல்லும் கேள்வி இருபது, எழுத்தில் பதில் வருவது இருநூற்று முப்பது. பதினைந்து நாள் முன்னால் அறிவிப்பு கொடுத்தால் போதும், குலுக்கலில் விழுந்தால் பதில் மேசைக்கு வந்துவிடும். நேரம் என்று எடுத்தால், கறுப்புக் கோட்டு போட்டுத் தில்லியில் ஆஜராக உங்களுக்கு நேரம் இருக்கிறது. அது தப்பு இல்லை. எம்.பி.க்கள் வக்கீல் தொழில் செய்யத் தடை இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டே 2018-ல் சொல்லிவிட்டது. ஆனால் அங்கே நீங்கள் யாருக்கோ கேள்வி கேட்கிறீர்கள், இங்கே எங்களுக்குக் கேட்கவில்லை என்பது கண்ணில் படத்தான் செய்கிறது.

அமைச்சராக இல்லாத எம்.பி. தனியாகக் கொண்டுவருகிற தனிநபர் மசோதா ஜெயிக்காது என்று ஒருமுறை சொன்னீர்கள். உண்மைதான். சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமானவை பதினாலுதான், கடைசியாக ஆனது 1970-ல். அந்தக் கடைசி மசோதா யாருடையது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நீங்கள்தானே? லக்னோவிலிருந்து சுயேச்சையாக 1967-ல் ஜெயித்த ஆனந்த் நாராயண் முல்லா. வக்கீலாக இருந்து, அலகாபாத் ஹைகோர்ட் நீதிபதியாக இருந்து, அப்புறம் எம்.பி. ஆனவர். கீழ்க் கோர்ட் விடுதலை செய்த ஆளை ஹைகோர்ட் திருப்பிப் பிடித்து ஆயுள் தண்டனையோ பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனையோ கொடுத்தால், அவர் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போவது அவர் உரிமை என்று ஆக்கியது அந்தச் சட்டம். நம் ஆபீசிலேயே அதை வைத்து அப்பீல் தயார் செய்து தில்லிக்கு அனுப்பியிருக்கிறோம். கோர்ட்டுக்குள் நின்று பார்த்த ஒரு ஓட்டையைப் பார்லிமென்ட்டில் போய் அடைத்தார் அந்த மனுஷர். பின்னால் பெரிய கட்சி எதுவும் இல்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நான் மறைக்கவில்லை. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் கேட்டதை 2012 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் எல்லோரும் கூடிப் பேசி ஏற்கவில்லை. 2016 ஜனவரியிலும் அதே பதில்தான். தலைமை நீதிபதி வேறு மாநிலத்திலிருந்து வருவார், தமிழ் தெரியாது என்பார்கள். தில்லி அப்பீலுக்கு இங்கிலீஷ் வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். இங்கிலீஷை எடு என்று யார் சொன்னார்கள்? கூடவே தமிழும் என்றுதான் கேட்கிறோம். 1963 ஆட்சிமொழிகள் சட்டத்தின் 7-வது பிரிவே, மாநில மொழியில் தீர்ப்பு எழுதினால் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் கூட இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பாட்னாவிலும் அலகாபாத்திலும் வெளிமாநில நீதிபதிகள் வருவதில்லையா?

சில நீதிபதிகள் இப்போது தமிழில் பேச விடுகிறார்கள். அவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் அது அவரவர் மனசைப் பொறுத்தது. பெஞ்ச் மாறினால் மாறிவிடும். சுப்ரீம் கோர்ட் 2019 முதல் சில தீர்ப்புகளை மாநில மொழிகளில் போடுகிறது. அதுவும் நல்லதே. ஆனால் தீர்ப்பு வந்து பல நாள் கழித்து இணையதளத்தில் வரும் தமிழ், அந்த ஆறு நிமிஷத்துக்கு உதவுமா?

இன்னொன்று. 2024 ஜூலை 1-ல் மூன்று பெரிய சட்டங்களின் பெயரையே நாடு முழுக்க ஒரே நாளில் மாற்றினார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று சொல்வதற்குள் நம்ம ஜூனியர்களுக்கு வாய் குழறுகிறது. கொலைக்கு 302 போய் 103 ஆனது. மோசடிக்கு 420 போய் 318 ஆனது. சினிமாவில் திட்டுவதற்குக்கூட இனி புது நம்பர் தேட வேண்டும். இத்தனையும் முடிந்தது. ஒத்தக்கடையில் ஒரு வக்கீல் எழுந்து தமிழில் நாலு வாக்கியம் பேசுவது மட்டும் எப்படி நடக்காத காரியம் ஆயிற்று?

ஆகவே, உங்களிடம் நான் கேட்பது இது.

அந்த மூன்று கேள்விகளையும், ஒரு வார்த்தை மாற்றாமல், வரும் கூட்டத்தொடரில் அறிவிப்பாகக் கொடுங்கள். குலுக்கலில் விழவில்லை என்றால் அடுத்த தொடரில் மறுபடி கொடுங்கள். பதில் எப்படி வந்தாலும், "பரிசீலனையில் இல்லை" என்று வந்தாலும், அதைத் தமிழாக்கி மாவட்டக் கோர்ட்டிலும் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் கோர்ட்டுகளிலும் இடத்துக்கு ஒரு நகல் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

1965 முடிவைத் திரும்ப எடுக்கச் சொல்லி, தமிழ்நாட்டிலிருந்து போன வக்கீல் எம்.பி.க்கள் எல்லோரிடமும், எந்தக் கட்சியானாலும், கையெழுத்து வாங்கிச் சட்ட அமைச்சரிடம் கொடுங்கள். வாங்கிக்கொண்டதற்குச் சீல் வைத்த நகல் வேண்டும். சீல் இல்லாத நகலை நான் நம்புவதில்லை, அதை நீங்களே என்னிடம் கற்றுக்கொண்டீர்கள்.

தனிநபர் மசோதா ஒன்று எழுதுங்கள். ஹைகோர்ட்டில் ஒரு கட்சிக்காரர் வந்து நின்றால், அவர் வழக்கில் என்ன சொன்னார்கள், என்ன முடிவாயிற்று என்பதை அங்கேயே அவர் மொழியில் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று, அந்த ஒரு விஷயத்துக்காவது. தோற்றால் தோற்கட்டும். நாம் தோற்காத வழக்கா?

மண்டபத்தில் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அன்றைக்குச் சொன்ன பதிலைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். யார் என்று எனக்குத் தெரியும். மேலூர் பஸ்ஸில்தான் தினமும் வருகிறது.

அப்புறம், டைரி. அதைத் தபாலில் அனுப்ப மாட்டேன். நீங்களே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சிம்மக்கல் ஆபீசில்தான் இருப்பேன். வேலை இல்லை என்றாலும் பழக்கம் விடவில்லை. கூட்டத்தொடர் தேதி அறிவித்த பிறகு வந்தால் அவசரமாகிவிடும், அதனால் அதற்கு முன்னாலேயே வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய குமாஸ்தா
மதுரை